ஆக்சிலேட்டர் கையும் காதுகுத்தும்

தை 5, திங்கள்
காலையிலிருந்து காற்று. தென்னைகளைப் பிடித்து உலுக்குகிறது. வாழைக்குத் தண்ணீர் விட்டாயிற்று.

சின்னக்கானலிலிருந்து தங்கச்சி சரசு போன். ஞாயிற்றுக்கிழமை அவள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் என்று இருப்பது நான் ஒருத்தன்தான். என் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். "துள்ளுவாங்ணா. தலைய ஆடாமப் புடிச்சுக்கோணும்." புல்லட்டிலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒரே சங்கடம், வலது கை. போன மாதம் உடுமலை போய் வந்ததற்கே விரலெல்லாம் மரத்து, காபி டம்ளர் நழுவி விழுந்தது. மரகதம் பார்த்துவிட்டாள். பெண்டாட்டி கண்ணில் இதெல்லாம் தப்பாது.

"ஏனுங்க, டம்ளரே நிக்க மாட்டீங்குது உங்க கையில. புள்ள எப்படிங்க நிக்கும்? பேசாம பஸ்ஸுல போலாமுங்க."

பஸ்ஸா! என் வண்டிச் சத்தம் கேட்டுத்தான் எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறையில் கடையே திறக்கிறார்கள்.

தை 6, செவ்வாய்
வெயில். கை ஆராய்ச்சி. இடது கை மரப்பதில்லை, வலது மட்டும். ஏன்? இடது கை கிளட்சைப் பிடிக்கும், விடும். வலது கை ஆக்சிலேட்டரை முறுக்கினால் முறுக்கினதுதான். பள்ளிக்கூடத்தை நான் பாதியில் விட்டது டாக்டர்கள் செய்த புண்ணியம்.

பிடியின் மேல் சைக்கிள் டியூப் வெட்டிச் சுற்றினேன். பருமனாக, பிடிக்கச் சுகமாக இருந்தது. பக்கத்துச் சித்தூர் வரை போய் வந்தேன். பாதி விரல்தான் மரத்தது. பாதி வெற்றி. யாராவது கேட்டால் முழு வெற்றி.

தை 7, புதன்
விடியும்போதே ஒரு யோசனை. டீசல் பம்ப்செட் ஓடும்போது ஆக்சிலேட்டரை யாராவது பிடித்துக்கொண்டா நிற்கிறோம்? கயிறு போட்டுக் கட்டிவிட்டு வேறு வேலைக்குப் போகிறோம். அதே கணக்கு. புல்லட் பிடியில் கயிறு சுற்றி, கண்ணாடித் தண்டில் இழுத்துக் கட்டினேன்.

வாய்க்கால் ரோட்டில் மீசையைத் தடவிக்கொண்டே போனேன். ராஜா சவாரி. திருப்பத்தில் பக்கத்துத் தோட்டத்து ஆறுச்சாமி எருமைகளை ஓட்டி வந்தான். பிரேக் போட்டால் வண்டி உறுமுகிறது, நிற்கவில்லை. பம்ப்செட் நின்ற இடத்தில் ஓடும், இது ஓடுகிற இடத்திலும் ஓடும் என்பது அப்போதுதான் உறைத்தது. நேராக வாய்க்கால்.

"மாமோவ், எருமைக்கு முந்தி நீங்க தண்ணிக்குப் போயிட்டீங்களே!"

ஆழம் பார்க்க இறங்கினேன் என்றேன். முழங்கால் சிராய்ப்பு. கயிற்றை அறுத்து எறிந்தேன். மரகதத்திடம் எருமை முட்டியதாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டு எருமை.

தை 8, வியாழன்
காற்று குறைவு. எஞ்சினுக்குள் வாய்க்கால் தண்ணீர் போயிருக்குமோ என்று மெக்கானிக் பாபுவிடம் காட்டினேன். ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கியதும் அவன் முகம் மாறிவிட்டது.

"சேட்டா, இது ஆக்சிலேட்டரோ, கெணத்து ராட்டினமோ? கேபிள் எண்ணெயில்லாம உணங்கிக் கெடக்கு."

கேபிளுக்குள் எண்ணெய் விட்டான். இப்போது இரண்டு விரலில் திரும்புகிறது. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தை 9, வெள்ளி
இன்று பெரிய கண்டுபிடிப்பு. மாடு கறக்கும்போது வந்தது. தினமும் எல்லா மாட்டையும் நானே கறக்கிறேன், கை மரத்ததே இல்லை. கவனித்துப் பார்த்தேன். பிழிகிறோம், விடுகிறோம். விடுகிற நேரத்தில் விரலுக்கு ரத்தம் வந்துவிடுகிறது. புல்லட்டில் விடுவதே கிடையாது, முட்ட வருகிற மாட்டின் கொம்பு மாதிரி இறுக்கிப் பிடிக்கிறேன்.

நிறுத்தி வைத்த வண்டியில் ஏறி உட்கார்ந்து, உள்ளங்கையால் பிடியை அமர்த்திக்கொண்டு, ஒவ்வொரு விரலாகத் தளர்த்திப் பழகினேன். மணிக்கட்டு மடங்கக் கூடாது. முக்கியம்.

வாசலில் மரகதம்: "எத்தன லிட்டருங்க வந்துச்சு?"

தை 10, சனி. சின்னக்கானல்
மரகதம் சீர்த்தட்டுகளோடு பஸ்ஸில். நான் தனியாக. உடுமலை, சின்னாறு, மறையூர். வழியெல்லாம் கறந்துகொண்டே வந்தேன். கை பூ மாதிரி. சின்னாற்றில் ஒற்றை யானை, வண்டிச் சத்தம் கேட்டு ஒதுங்கி வழிவிட்டது. ரொம்பத் தூரத்தில் நின்றது, பாறையாகவும் இருக்கலாம். எப்படியோ வழி கிடைத்தது.

மூணாறு தாண்டியதும் குளிர். இதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. தேவிகுளத்தில் வண்டியை நிறுத்தி, கையை எஞ்சின் பக்கம் காட்டிச் சூடேற்றிப் பார்த்தேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் செத்த மாதிரிதான்.

சரசு புருஷன் முருகேசன், தேயிலை ஃபாக்டரியில் வேலை, லயத்து வரிசைவீட்டில் குடி, கையைக் குலுக்கியதும் கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன மச்சான், வெரலு கட்டையா கெடக்கு? நாளைக்கு முடியலன்னா சொல்லிருங்க. லயத்துல மாமன் மொறைக்கு ஆளா இல்ல?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "மடி என்னோடது மாப்பிள்ளை" என்றேன். சரசு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். ரொம்ப நேரம் கையை முக்கி வைத்திருந்தேன். சாப்பாடு இடது கையால் ஸ்பூனில். மலைநாட்டுப் பழக்கம் என்று மரகதத்திடம் சொன்னேன்.

தை 11, ஞாயிறு
பனி. எதிர்வீடு தெரியவில்லை. காலையிலும் அந்த இரண்டு விரல் சரியில்லை, கிள்ளிப் பார்த்தேன், வலிக்கவில்லை.

பட்டுத்துண்டு விரித்து என் மடியில் பிள்ளையை உட்கார வைத்தார்கள். மொட்டைத் தலை, சந்தனம். இடது கையால் வயிற்றோடு அணைத்து, வலது கையால் தாடையைப் பிடித்தேன். இறுக்கவில்லை, நழுவ விடவும் இல்லை. ஆசாரி வலது காதைக் குத்தினார். தலை இம்மி அசையவில்லை. அடுத்த கணம் வீடு அதிர அழுகை.

இடது காது. ஊசி இறங்கும்போது பிள்ளை என் சுண்டுவிரலை வாய்க்குள் இழுத்து, முளைத்த பல் அத்தனையாலும் கடித்தாள். நான் கையை எடுக்கவில்லை.

"பிள்ள அழுகைய நிப்பாட்டிட்டா, மாமனுக்குல்லா கண்ணுல தண்ணி!" முருகேசன்.

வலித்தது. சுண்டுவிரல் நுனி வரைக்கும் நன்றாக வலித்தது.