நோக்கோலுக்கு ஒரு பாவசங்கீர்த்தனம்

மஹய்யாவ, கண்டி

அன்புள்ள மச்சானுக்கு,

மாதாவின் தயவில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நான் சமைக்கும் வீட்டுக் கிறிஸ்ரி சேருக்குச் சீனி வருத்தம். டொக்டர் உருளைக்கிழங்கை நிறுத்தச் சொன்னதும், சேர் அதையே தவக்கால ஒறுத்தலாக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டார். ஆனால் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். மனம் கேட்காமல் நோக்கோல் காயைத் துண்டுபோட்டு, உப்புத் தண்ணீரில் அவித்து வடித்து, மஞ்சளும் தேங்காய்ப்பாலும் விட்டுக் கிழங்குக் கறி போலவே வைத்தேன். மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எந்தக் காய் என்று நானும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வந்தவர் குசினி வாசலில் நின்றார்.

"ரெஜினா, ஒன் கறியால பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வர்றேன். ஒறுத்தல்ல கிழங்கு தின்னுட்டேனே!"

"ஐயோ சேர், அது நோக்கோலுங்க!"

சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் சுருங்கிவிட்டது.

"அப்போ ஃபாதர் சொன்ன ஜெபமாலைய சும்மாவா சொன்னேன்?"

"கிழங்குன்னு நெனச்சுத்தானே மூணு தரம் கேட்டீங்க? பாவம் பாவந்தான் சேர்."

சிரித்துவிட்டார். "சரி, ஒறுத்தலுக்கு நீ எதை விட்டிருக்கே?"

"எங்க வீட்டுக்காரரோட ஒண்ணா ஒக்காந்து சாப்பிடுறதங்க."

உடனே, உயிர்த்த ஞாயிறுக்கு உங்களிடம் வர லீவு தந்துவிட்டார்.

அதுவரை சட்டியோடு நின்றபடி தின்னாமல் கதிரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். என் சின்னக் கத்தியைத் தீட்டி வையுங்கள். கிழங்கும் வாங்குங்கள், நல்ல பெரிதாக. அடுப்பில் பால் பொங்குகிறது, ஓடுகிறேன்.

உங்கள்
ரெஜினா