ஓரத்தில் நிற்கிறவர்

12.2.2004, வியாழன்

கரண்ட் மூன்று தடவை போனது. லேமினேஷன் மெஷின் சூடாவதற்குள் நின்றுவிடுகிறது. மார்க் ஷீட் பன்னிரண்டு அப்படியே கிடக்கிறது.

மத்தியானம் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டிலிருந்து ஒருவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். அவருக்கு என்னைத் தெரியவில்லை. நாங்கள் வேப்பந்தட்டைப் பக்கத்தை விட்டுப் பெரம்பலூர் வந்து இருபது வருஷம் ஆகிறது, எப்படித் தெரியும்? கையில் அவருடைய அக்கா கல்யாண போட்டோ, 1971. ஓடு ஒழுகி ஒரு பக்கம் முழுக்கப் பழுப்புக் கறை.

"கறைய எடுத்துடுங்க. அப்படியே ஓரத்துல நிக்கிற ஆளுங்களையும் எடுத்துடுங்க. குடும்பம் மட்டும் இருந்தாப் போதும்" என்றார்.

ஓரத்தில் நான்கு பேர். சட்டை இல்லை, இடுப்பில் துண்டு. நான்காவது ஆளின் முகத்தில் பாதி கறைக்குள் போயிருந்தது. மீதிப் பாதியைப் பார்த்தேன். அந்தத் தாடை, முன்பக்கம் மடிந்த காது. எங்கள் அண்ணன்! ஆனால் அண்ணன் அப்போது நான்கு வயசுப் பையன்.

அப்படியென்றால் அது அப்பா.

எங்களிடம் அப்பா படம் ஒன்றுகூடக் கிடையாது. கிணறு வெட்டும்போது மண் சரிந்து அவர் செத்தபோது எனக்கு ஏழு வயசு. முகம் மறந்துவிட்டது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் மறந்துதான்விட்டது.

13.2.2004, வெள்ளி

காலையில் கடை திறந்ததுமே அந்தப் போட்டோவை எவ்வளவு பெரிதாக ஸ்கேன் செய்ய முடியுமோ அவ்வளவு பெரிதாகச் செய்து சிடியில் ஏற்றிவிட்டேன். கம்ப்யூட்டர் இரண்டு தடவை உறைந்து நின்றது. முதலாளி சிங்காரவேலு பார்த்துவிட்டார்.

"கஸ்டமர் போட்டோவ இப்பிடி எடுக்கலாமாம்மா?"

"அதுல நிக்கிறது எங்கப்பா சார். அவங்க வேணாம்னு சொன்னதத்தான் நான் எடுத்துக்கிட்டேன்."

அவர் கல்லாவுக்குப் போய்விட்டார்.

பிறகு கலைச்செல்வன் வந்தான். எங்கள் ஆபரேட்டர், முதலாளியின் அக்கா மகன். பத்து நிமிஷத்தில் நான்கு பேரையும் அழித்தான். படத்திலேயே பக்கத்திலிருந்த சுவரை எடுத்து அவர்கள்மேல் தேய்த்தான், அவ்வளவுதான். ஏதோ முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தான். அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? நான் பின்னால் நின்று கடைசிவரை பார்த்தேன். அப்பா இருந்த இடத்தில் சுவர் வந்தது.

17.2.2004, செவ்வாய்

அப்பாவை நானே சரிசெய்யப் போகிறேன். கலைச்செல்வனிடம் கொடுத்தால் அவன் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்வான். கம்ப்யூட்டரில் 'பாடி' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறான். கோட் போட்ட உடம்பு ஆறு, வெள்ளைச் சட்டை எட்டு, பட்டுப்புடவை பத்து. செத்தவர்கள் தலையை வெட்டி அதில் ஏதாவது ஒன்றில் ஒட்டி, முகத்தை நாலு மடங்கு வெளுப்பாக்கிக் கொடுப்பான். குரும்பலூரில் பாதி வீட்டில் ஒரே உடம்புதான் மாலை போட்டுக்கொண்டு தொங்குகிறது.

முதலாளியிடம் கேட்டேன், மத்தியானம் நீங்கள் சாப்பிடப் போகும் இரண்டு மணி நேரம் நான் உட்காரட்டுமா என்று.

"ஹேங் ஆயிடும்மா. உனக்கு எதுக்கு அது?"

"கலைச்செல்வன் உக்காந்தாலுந்தான் ஹேங் ஆவுது."

சிரித்துவிட்டார். சரி என்று அர்த்தம்.

3.3.2004, புதன்

லேயர் போடாமல் நேராகப் படத்தின் மேலேயே வேலைசெய்து, சேவ் வேறு செய்து தொலைத்தேன். ஒரு வாரம் வீண். முட்டாள்.

நல்லவேளை, சிடியை யாரும் தொடவில்லை. அதிலிருந்து சின்னதாக ஒரு பிரதி எடுத்து மறுபடி முதலிலிருந்து.

21.3.2004, ஞாயிறு

இடது கண் கறைக்குள் இருக்கிறது. வலது கண்ணை எடுத்துத் திருப்பி வைத்தேன். திருட்டு முழி வந்தது. ஏன் என்று தெரியாமல் மூன்று நாள். இன்றைக்குத்தான் புரிந்தது: வெயில் ஒரு பக்கமிருந்து அடிக்கிறது, நான் திருப்பி வைத்த கண்ணில் மட்டும் மறுபக்கமிருந்து அடிக்கிறது. நிழலைத் திருத்தினேன். முழி போய்விட்டது. ஒரு மனுஷன் என்னைப் பார்த்தான்.

அழுதேன். கலைச்செல்வன் கதவைத் திறந்துகொண்டு வந்து, "என்னக்கா, ஹேங்கா?" என்றான்.

5.4.2004, திங்கள்

அண்ணன் அரியலூரிலிருந்து வந்தான். வைகாசியில் அவன் புது வீடு பால் காய்ச்சுகிறான். திரையில் அப்பாவைக் காட்டினேன். திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தான்.

"சட்டை போட்டு வையி. வெள்ளச் சட்டை, தோள்ல துண்டு. ஆபீஸ்லேர்ந்து எல்லாரும் வருவாங்க."

"அவரு அப்படி இருந்தாராண்ணே?"

"இருந்திருக்கணும்."

மாட்டேன் என்றேன். வேறொருவன் உடம்பில் அப்பாவை ஒட்ட மாட்டேன். அவர்கள் சுவரைத் தேய்த்து மறைத்தார்கள், நாம் சட்டையைத் தேய்த்து மறைப்பதா? "ஒனக்கென்ன, நீ சொல்லிட்டுப் போயிடுவ. பதில் சொல்லப் போறவன் நான்" என்று கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். போகட்டும்.

18.4.2004, ஞாயிறு

முடிந்தது. கறை முழுக்கப் போய்விட்டது. முகம், மார்பு, கை எல்லாம் சுத்தம். பெரிய பிரிண்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மாவுக்குப் பார்வை மங்கல், பொடி முகமெல்லாம் தெரியாது. அதனால்தான் இத்தனை நாள் காட்டவில்லை.

வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். முகத்தைத் தடவினாள். "அவருதான்" என்றாள். அப்புறம் விரல் கீழே இறங்கியது.

"கக்கத்துல ஒண்ணையும் காணுமே?"

"என்னம்மா?"

"சட்டைடி. அந்தக் கல்யாணத்துக்குன்னு பெரம்பலூர் வந்து கட்டம் போட்ட சட்ட ஒண்ணு எடுத்தாரு. வூட்லேர்ந்து போட்டுக்கிட்டுத்தான் போனாரு. அவங்க தெருமொனையில கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டாரு. பந்தல் வேல முடியிற மட்டும் கீழ வைக்கல. திரும்பி வர்றப்ப அதே மொனையில போட்டுக்கிட்டு வந்தாரு."

"இத ஏம்மா எங்ககிட்ட சொல்லவே இல்ல?"

"இதையெல்லாமா புள்ளைங்ககிட்ட சொல்லுவாங்க?"

ஐயோ. கக்கத்தில் மங்கலாக ஒரு திட்டு இருந்தது. கறை என்று நினைத்தேன். சுவரை எடுத்து அதன்மேல் தேய்த்தேன். நான்தான். என் கையாலேயே. கலைச்செல்வனைச் சொல்லிவிட்டு நானும் அதையேதான் செஞ்சேன்.

19.4.2004, திங்கள்

சிடியிலிருந்த பெரிய ஸ்கேனைத் திறந்தேன். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய போட்டோஷாப் புத்தகத்தில் ஒரு பக்கம் உண்டு: படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். சிவப்பை மட்டும் வைத்தால் பழுப்புக் கறை மங்கும். படித்தபோது நமக்கெதற்கு என்று தள்ளிவிட்டிருந்தேன்.

சிவப்பை மட்டும் வைத்தேன்.

கட்டம் தெரிந்தது. மடித்த துணி, சின்னச் சின்னக் கட்டம். மடிப்பின் ஓரத்தில் ஒரு பொத்தான்கூடத் தெரிகிறது. புதுச்சட்டை. கசங்காமல் மடித்திருக்கிறார்.

இனி யார் வந்து சொன்னாலும் இதை அழிக்க மாட்டேன். அந்தக் கட்டம் ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரி எடுத்துக் காட்டுவேன்.

25.4.2004, ஞாயிறு

அரியலூர் போய் அண்ணனிடம் புதுப் பிரிண்டைக் கொடுத்து, அம்மா சொன்னதைச் சொன்னேன். கேட்டான். வாங்கி பீரோவில் வைத்தான்.

11.5.2004, செவ்வாய்

கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் கண்ணில் பட்டது. அப்பா, வெள்ளைச் சட்டை, தோளில் அங்கவஸ்திரம், பின்னால் நீல வானம். அண்ணன் கலைச்செல்வனுக்கு போன் செய்து கேட்டிருக்கிறான். பிரிண்டும் ஃபிரேமும் போய்ச் சேர்ந்தாகிவிட்டது.

"ஒங்கண்ணன்தானக்கா கேட்டாரு. ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

முகம் நான் செய்த முகம். அந்தக் கண், அந்த நிழல். என் வேலையை வெட்டி எடுத்து அந்த உடம்பில் ஒட்டியிருக்கிறான்! என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்ல? கிரகப்பிரவேசத்துக்கு நான் போகப் போவதில்லை.

20.5.2004, வியாழன்

எறையூரிலிருந்து ஓர் அம்மாளின் படம், மகள் கொண்டுவந்தாள். முதலாளி என்னைக் கைகாட்டி, "அதக் கேளு" என்றார். நெற்றியில் புள்ளி புள்ளியாக ஏதோ இருந்தது. அழிக்கும் முன் கேட்டேன். பச்சை குத்தியதாம். விட்டுவிட்டேன்.

5.6.2004, சனி

அம்மா நாளைக்குக் கிரகப்பிரவேசத்துக்கு என்னை விட்டுவிட்டுப் போக மாட்டாளாம். சரி, போகிறேன். அந்த நீல வானத்தைப் பார்த்துவிட்டு அவன் முகத்துக்கு நேராக நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வருவேன்.

6.6.2004, ஞாயிறு

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டேன். முன் அறையில், கதவுக்கு நேர் எதிரே, அப்பா. சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. நான் செய்தது. வெள்ளைச் சட்டைப் படம் எங்கே என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

பந்தியில் நான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். அண்ணனுடைய மேலதிகாரி சாப்பிட்டுக் கை கழுவி வந்து படத்தின் முன் நின்றார். ஆபீஸ் ஆட்கள் ஏழெட்டுப் பேர் கூடவே.

"யாரு முத்துவேல் இது?"

"எங்கப்பா சார்."

"சட்டைய இடுக்கிக்கிட்டு நிக்கிறாரே, எடுத்துப் போட்டுக்கறதுதானே?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

வெயில் சார், வேலை நேரம் சார் என்று ஏதாவது சொல்லுவான் என்று நினைத்தேன்.

"போட விடல சார்" என்றான் அண்ணன்.

குரலைத் தாழ்த்தவில்லை. பந்திவரை கேட்டது. அந்த மனுஷர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் படத்தை இன்னொரு முறை, கிட்டே போய்ப் பார்த்தார். அண்ணன் அவசரப்படாமல் நின்றான். அவர் பார்த்து முடித்த பிறகு, "பாயசம் எடுத்துக்கிட்டீங்களா சார்?" என்று கேட்டு அழைத்துப் போனான்.

நான் வாளியோடு அப்படியே நின்றிருக்கிறேன். "ஏம்மா, இந்தப் பக்கம் சாம்பார்" என்று வரிசையில் யாரோ கூப்பிட்டார்கள். போய் ஊற்றினேன்.