பொம்பள கை வச்ச பிரேக்கு

ரொஷான் அப்பாவுக்கு,

ரொட்டி சுட்டு மூடி வச்சிருக்கேன், சம்பல் பக்கத்துல. கார் சாவியத் தேடாதீங்க, எங்கிட்ட இருக்கு.

முன் சக்கரத்தப் பிடிச்சு நிப்பாட்டுற பிரேக் கெலிப்பர் ரெண்டையும் ஒரு கிழமையா நான்தான் கழட்டி, துரு சொரண்டி, ரப்பர் சீல் மாத்தி, சில்வர் பெயின்ட் அடிச்சு வச்சேன். நான் ஸ்கூலுக்குப் படிப்பிக்கப் போன நேரம் பார்த்து நீங்க எடுத்துச் சக்கரத்துல பூட்டினீங்க. பெடல் மெத்தை மாதிரி அமுங்கினதும், போன ஞாயிறு கோயில் வாசல்ல, “பொம்பள கை வச்சா இப்பிடித்தான்”னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னீங்க.

இன்னைக்கு விடிய நீங்க தூங்குறப்ப குனிஞ்சு பார்த்தேன். இடது பக்கத்துக்கானத வலதுல பூட்டியிருக்கீங்க, வலது பக்கத்துக்கானத இடதுல. காத்து வெளியேத்துற நிப்பிள் ரெண்டும் கீழ பார்த்து நிக்குது. பிரேக் எண்ணெய்க்குள்ள மாட்டின காத்து மேலதானே ஏறும், கீழால எப்பிடிங்க போகும்? கழட்டி மாத்திட்டேன். பக்கத்து வீட்டு நிஷாந்தி பெடல மிதிச்சுக் குடுத்தா. காத்தெல்லாம் போயிருச்சு, பெடல் இப்ப கல்லு மாதிரி நிக்குது. பஜார் வரைக்கும் ஓட்டியும் பார்த்தாச்சு.

நீங்க வரச்சொன்ன மெக்கானிக் பாஸ் பத்து மணிக்கு வருவாரு. பிளேன்டீ ஊத்திக் குடுங்க. யாரு மாத்திப் பூட்டினதுன்னு உங்க வாயாலயே சொல்லுங்க.

நான் காரை எடுத்துக்கிட்டு ராகலை டவுனுக்குப் போறேன்.

இசபெல்

இன்னொண்ணு. நாலு மணிக்கு கேட் வாசல்ல வந்து நில்லுங்க. எறக்கத்துல வந்து உங்க காலுக்கு ஒரு முழம் முன்னால காரை நிப்பாட்டுறேன். வெலகாம நின்னீங்கன்னா எல்லாத்தையும் மறந்துர்றேன். வெலகினீங்கன்னா, வர்ற ஞாயிறு அதே கோயில் வாசல்ல நான் பேசுவேன்.