பூஞ்சை என்று சொன்னார்கள்

பென்னலூர்
2-9-1991

அன்புள்ள ஜோதிக்கு,

இங்கே நான், அம்மா, குழந்தை மூவரும் சௌக்கியம். உனக்குக் காய்ச்சல் இறங்கி நீ எழுந்து உட்கார்ந்தாய் என்று சேதி வந்தால் போதும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். குழந்தைக்குப் பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுக்கிறோம். குடிக்கிறாள். சமயத்தில் தலையைத் திருப்பித் திருப்பி உன்னைத் தேடுகிறாள்.

ஒரு விஷயம் மனதை அறுக்கிறது. நேற்று உன்னைப் பார்க்க வந்தபோது அந்த லேடி டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "உங்க மனைவிக்கு மூளையில பூஞ்சை" என்றார். பூஞ்சை உடம்பு என்றால் தெரியும். மூளையே பூஞ்சையாக இருக்கும் என்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கே உன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஜோதி. "பலமில்லாத பொண்ண நம்ம தலையில கட்டிட்டாங்கடா, கொழந்த இங்கியே கெடக்கட்டும், அது கையில குடுக்காத" என்கிறாள் அம்மா. நான் அவளை அதட்டினேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை.

கம்பெனியில் என் லைனில் வேலை செய்யும் தசரதனுடைய பெண்சாதி சந்திரம்மாளுக்கும் உன்னைப் போலவே தலைவலி, காய்ச்சல். உனக்குப் பிரசவம் பார்த்த அதே நர்ஸிங் ஹோமில் உனக்கு அடுத்த கட்டிலில் இருந்தாளே, அவள்தான். பிரசவ ஜன்னி என்று வீட்டிலேயே காதில் பஞ்சு வைத்துப் படுக்கவைத்திருக்கிறார்கள். "உன் வூட்லயும் இப்டித்தானப்பா, பெரிய டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று கேட்டான். அது வேறப்பா, அவளுக்குப் பிறவியிலேயே பூஞ்சை என்று சொல்லி அனுப்பினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். கண்டதை நினைத்து அழாதே.

அன்புடன்,
ஜெகநாதன்


பெண்கள் வார்டு, சென்னை
5-9-1991

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் காய்ச்சலே தெரியவில்லை.

நான் பூஞ்சையா? கல்யாணத்துக்கு முன் வடக்குப்பட்டில் நாற்றுக் கட்டு சுமந்தவள் நான். டாக்டர் லீலா சொன்னது அந்தப் பூஞ்சை இல்லை. ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியைப் போட்டால் மேலே படருமே, பூசணம், அது. அதைத்தான் படித்தவர்கள் பூஞ்சை என்று எழுதுவார்களாம். புரியட்டும் என்று அவர் நல்ல தமிழில் சொன்னார். உங்களுக்கு வேறு மாதிரி புரிந்துவிட்டது. புரியாவிட்டால் திரும்பக் கேட்க உங்களுக்கு வாய் இல்லையா? என்னைப் பெற்றவர்களைத் திட்ட மட்டும் வாய் இருந்ததே.

இங்கே டாக்டர்கள் முதலில் மூளையில் டிபி என்றுதான் நினைத்தார்கள். முதுகெலும்பில் ஊசி குத்தி மூளைத் தண்ணீரை எடுத்துப் பார்த்தார்கள். அதில் எந்தக் கிருமியும் கிடைக்கவில்லை. ஊர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்றால் வார்டில் எல்லோரும் மே மாதம் குண்டு வெடித்ததைத்தான் கேட்கிறார்கள். எனக்கு என்ன நடந்தது என்று கேட்டவர் டாக்டர் லீலா ஒருத்தர்தான். "பிரசவத்துக்கு ஆபரேஷன் பண்றப்ப முதுகுல ஊசி போட்டாங்களாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். அதன் பிறகு மறுபடியும் மறுபடியும் நீர் எடுத்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி, பொறுமையாகக் காத்திருந்தார். சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி பூத்து வந்தது. என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அது என் தலைக்குள் இருந்த பூசணம் மாமா. அந்த ஊசியோடு உள்ளே போயிருக்கிறது. மருந்திலிருந்ததா, ஊசியிலிருந்ததா என்பது அங்கே தேடிப் பார்த்தால்தான் தெரியுமாம்.

சந்திரம்மாளுக்கும் அங்கேதான் முதுகில் ஊசி போட்டார்கள். அப்படியென்றால் அவளுக்கு வந்திருப்பது ஜன்னியா? கையெடுத்துக் கும்பிடுகிறேன், இதைப் படித்த கையோடு தசரதன் வீட்டுக்குப் போங்கள். பூசணம் என்றே சொல்லுங்கள், அப்போதுதான் புரியும். உடனே இங்கே அழைத்து வரச் சொல்லுங்கள். இதற்குத் தனி மருந்து இருக்கிறது. ஏறும்போது உடம்பைத் தூக்கித் தூக்கிப் போடும், சிறுநீரகத்தைக்கூடக் கெடுக்குமாம். ஆனால் எனக்குக் கேட்கிறது. தாமதித்தால் அதுவும் கேட்காது என்கிறார் டாக்டர்.

குழந்தையின் கழுத்து மடிப்பில் வேர்க்குரு இருந்தது, ஆறிவிட்டதா?

உங்கள்,
ஜோதி


பென்னலூர்
9-9-1991

அன்புள்ள ஜோதி,

நான் பேசியது தப்பு. அம்மாவிடமும் விளக்கிச் சொல்லிவிட்டேன். "பூசணம் எப்டிடா தலைக்குள்ள போவும்" என்று கேட்கிறாள், ஆனால் உன் வீட்டாரைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். வேர்க்குரு ஆறிவிட்டது.

தசரதன் விஷயம் நீ நினைப்பது போல் சுலபம் இல்லை. அந்த நர்ஸிங் ஹோம் டாக்டர்தான் எங்கள் கம்பெனிக்கும் டாக்டர். பர்மனென்ட் ஆக வேண்டுமென்றால் உடம்பு தகுதி என்று அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பேட்சுக்கு அடுத்த மாதம் பார்க்கப்போகிறார்கள். அவர் ஊசியால் பெண்களுக்கு நோய் வந்தது என்று ஜெகநாதன் ஊரெல்லாம் சொல்கிறான் என்று அவர் காதில் விழுந்தால் என் கதி என்ன? மேலும் எல்லாருக்கும் ஒரே வியாதியாகத்தான் இருக்குமா? அவள் நேற்று கஞ்சி குடித்தாளாம். தானாகவே சரியாகிவிடும்.

நாமும் பிழைக்க வேண்டும் ஜோதி. கோபப்படாமல் யோசித்துப் பார்.

அன்புடன்,
ஜெகநாதன்


பெண்கள் வார்டு, சென்னை
12-9-1991

மாமாவுக்கு,

யோசித்துப் பார்த்தேன்.

இந்த வலி என்ன வலி என்று உங்களுக்குத் தெரியாது. குனிந்தால் கண் பிதுங்குகிற மாதிரி இருக்கும். வெளிச்சம் பட்டால் வாந்தி வரும். கழுத்து விறைத்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க முடியாது. அந்த வலியோடு ஒருத்தி காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கிடக்கிறாள். காரணம் தெரிந்த நீங்கள் அவள் புருஷனுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை பார்க்கிறீர்கள். உங்களால் எப்படி முடிகிறது? அவன் முகத்தைப் பார்க்கவே மாட்டீர்களா?

டாக்டர் லீலா அந்த நர்ஸிங் ஹோமுக்கு எழுதிக் கேட்டிருந்தார். "எங்களிடம் பிரசவித்த தாய்மார்கள் அனைவரும் நலம்" என்று பதில் வந்திருக்கிறது. அனைவரும் நலமாம். நான் எங்கே கிடக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாதா? இப்படி எழுதியவன் கையெழுத்துக்காகத்தான் நீங்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி உங்களைக் கெஞ்சமாட்டேன். தசரதன் அண்ணனுக்கு நானே கார்டு எழுதி, ஆயா லூர்தம்மாளிடம் தபாலில் போடக் கொடுத்துவிட்டேன். பூசணம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

ஜோதி


பென்னலூர்
16-9-1991

அன்புள்ள ஜோதி,

உன் கார்டைப் பார்த்ததும் தசரதன் அலறிவிட்டான். டாக்ஸி பிடித்து நேற்றே அழைத்துப் போய்விட்டான். உன் வார்டுக்கே வந்திருப்பார்கள். நினைவு சரியில்லாமல்தான் போனாள். நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று இங்கே எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம்.

எப்படியோ சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. உனக்கும் இப்போது திருப்தி. ஒன்று மட்டும் கேட்கிறேன். எனக்கு முன்பே தெரியும் என்பதைத் தசரதனிடம் சொல்லிவிடாதே. நாளைக்கு அவன் முகத்தில் நான் விழிக்க வேண்டும். நீ எனக்காக இதைச் செய்வாய் என்று தெரியும்.

குழந்தை சிரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். வந்து பார்.

அன்புடன்,
ஜெகநாதன்


பெண்கள் வார்டு, சென்னை
24-9-1991

குழந்தையின் அப்பாவுக்கு,

சந்திரம்மாள் நேற்றுக் காலை இறந்துவிட்டாள்.

வந்தபோதே பார்வை போயிருந்தது. அவளுக்கும் அதே பூசணம்தான். எனக்கு ஏற்றிய மருந்தைத்தான் அவளுக்கும் ஏற்றினார்கள். உடம்பு தாங்கவில்லை. டாக்டர் லீலா அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் குழந்தை ஆண். அது இனி யாரைத் தேடும்?

சுகாதார இலாகாவிலிருந்து ஆட்கள் வந்து விசாரித்தார்கள். அந்த நர்ஸிங் ஹோமில் முதுகில் ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் எல்லோரையும் தேடிப் போகிறார்களாம். தலைவலி என்று இன்னும் யாராவது படுத்திருந்தால் அவர்களாவது பிழைக்கட்டும்.

என்னை அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புவார்கள். நான் வடக்குப்பட்டுக்குப் போகிறேன். குழந்தையை எடுத்துவர என் அண்ணன் வெங்கடேசன் வருவான். மறுபேச்சு பேசாமல் கொடுத்தனுப்புங்கள்.

நேற்று உடம்பை வண்டியில் ஏற்றும் முன் தசரதன் அண்ணன் என் கட்டிலுக்கு வந்தார். அழவில்லை. "ஒன்னே ஒன்னு சொல்லும்மா. உன் கார்டு வர்றதுக்கு முன்னாடி, இது ஜன்னி இல்லேன்னு ஊர்ல எவனுக்காச்சும் தெரியுமா?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. இங்கே நர்ஸ் புருஷன் பெயர் கேட்டபோதுகூடச் சீட்டில் எழுதித்தான் காட்டினேன். தசரதன் அண்ணனிடம் வாயைத் திறந்து சொன்னேன். ஜெகநாதன் என்று சொன்னேன்.

ஜோதி