ஓரத்து ஐந்து வரிசை

ஆக. 11, திங்கள்
காலையிலேயே வெக்கை. கப்பலூர் தாண்டுவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. கள்ளிக்குடிக்குத் தெற்கே ஒரு கிராமம். பருத்தியில் புழு, ஊரில் சண்டை. பத்திரிகை டெஸ்க் கேட்பது ‘போலி விதை’ செய்தி. விதை போலி இல்லை. சொன்னால் பிடிக்காது.

விஷயம் இது. பி.டி. பருத்தி விதைப் பெட்டியில் பெரிய பையோடு ஒரு சிறிய பை சும்மா வரும். பெரிய பையில் முளைக்கும் செடிக்குள் ஒரு மண் பாக்டீரியாவின் புரதம் இருக்கிறது. தின்னும் புழு குடல் கெட்டுச் சாகும். சிறிய பையில் சாதாரண விதை. பருத்திக் காட்டைச் சுற்றி ஓரத்தில் ஐந்து வரிசை நட வேண்டும். அங்கே பிழைக்கும் பூச்சியும், புரதத்துக்குப் பழகிவிட்ட பூச்சியும் கூடினால், பிறக்கும் புழு மறுபடி புரதத்தில் சாகும். ஊரே சிறிய பையை எறிந்துவிட்டது. நட்டவர் தங்கவேலு ஒருவர்தான். காரணம் கேட்டேன். “சும்மா குடுத்ததை எப்படிண்ணே தூக்கிப் போடுறது?”

இப்போது அந்த ஓரத்தில் காய்க்குக் காய் புழு. ஊருக்கே புழு வளர்த்துவிட்டவன் இவன்தான் என்கிறார்கள். அடுத்த காடு அவர் பங்காளி காசிமாயனுடையது. “புழுவுக்கு வீடு கட்டிக் குடுத்திருக்கான். பால் காய்ச்சத்தான் எங்களைக் கூப்பிடலை” என்றார்.

ஆக. 12, செவ்வாய்
வேளாண் அதிகாரியிடம் பேசினேன். விழிப்புணர்வு ஏற்படுத்தி வருகிறார்களாம். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதே வாக்கியம். விதைக் கடைக்காரரிடம் சிறிய பையைப் பற்றி யாருக்காவது சொல்வீர்களா என்றேன். கேட்டால் சொல்வாராம். யாரும் கேட்டதில்லையாம்.
பல் வலி. கிராம்பு.

ஆக. 14, வியாழன்
மறுபடி அங்கே. தங்கவேலு காட்டில் பருத்தி வெடித்து வெள்ளையாக நிற்கிறது. எடுக்க ஆள் இல்லை. பெண்கள் எல்லோரும் காசிமாயன் காட்டில். ஓரத்தைப் பிடுங்கினால்தான் ஆள் அனுப்புவது என்று ஊரில் பேசி வைத்திருக்கிறார்கள். மேற்கே மேகம். ஒரு மழை போதும், பஞ்சு கறுத்துப் போகும். தங்கவேலுவின் மனைவி முருகாயி தனியாக மடியில் எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

காசிமாயன் காட்டிலேயே ஒரு காயைப் பறித்துக் கொடுத்தேன். பிளந்தார். உள்ளே இளஞ்சிவப்பாய், கொழுத்த புழு. இந்தச் செடியைத் தின்றும் சாகவில்லை என்றால் இது அந்த ஓரத்துச் சாதாரணப் புழு அல்ல, ஓரம் நடாத காடுகளில் பழகிய புழு என்றேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.
“சரிண்ணே. வரப்புக்கு அங்கிட்டு யாரு காடு?”
சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், “பேப்பர்காரரு புழுக்கிட்டயும் பேட்டி எடுத்துட்டுப் போகட்டும்” என்றாள்.
நான் விளக்கப் போய்க் கெட்டது. வெளியாளைக் கூட்டி வந்து பேசவைக்கிறான் என்று அதுவும் தங்கவேலு தலையில் விழுந்தது.

ஆக. 15, வெள்ளி
கொடி, மிட்டாய், கிராமசபை. நான் போகவில்லை. தங்கவேலு போனில் சொன்னார்: சபையில் அவர் உட்கார்ந்ததும் இரு பக்கமும் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்களாம். தீர்மானத்தில் புழு இல்லை. தெருவிளக்கு உண்டு.

ஆக. 16, சனி
ஓரம் காலி. பிடுங்கியது தங்கவேலுவும் முருகாயியும்தான். செடிகள் வரப்பில் குவியலாக. காட்டுக்குள் பெண்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டி வந்தவர் காசிமாயன். தூக்குச் சட்டியிலிருந்து எல்லோருக்கும் டீ ஊற்றினார். எனக்கும் நீட்டினார். வாங்கவில்லை. தங்கவேலு வாங்கிக் குடித்தார்.

மாலை செய்தி கொடுத்தேன். யார் என்ன செய்தார்கள், அவ்வளவுதான். காசிமாயன் பெயர், தங்கவேலு பெயர், கடைக்காரர் சொன்னது, அதிகாரி சொன்னது.
சற்று நேரத்தில் தங்கவேலு போன். குரலைத் தாழ்த்திப் பேசினார். “எழுதிராதீகண்ணே. பாதிக் காடு இன்னும் கெடக்கு. நாளைக்கும் ஆளு வேணும்.”
டெஸ்க்கைக் கூப்பிட்டேன். பக்கம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அவர் பெயரை எடுத்துவிட்டு ‘ஒரு விவசாயி’ என்று போடச் சொன்னேன்.
அந்த ஊரில் ஓரம் நட்ட விவசாயி ஒருவர்தான். செய்தி போகிறது.