உட்காரு என்று கத்தியவனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டே நலமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். போன் பண்ணினால் எடுக்க மாட்டேன் என்கிறாய். குரல் பதிவு அனுப்பினால் கேட்டாயா என்றுகூடத் தெரியவில்லை. நீ கடிதமாக எழுதிவிட்டாய், சரி, நானும் வீடு முழுக்கத் தேடி ஒரு பேனாவைப் பிடித்துவிட்டேன். என் கோழிக்கிறுக்கலைப் பார்த்துச் சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை. நீ சிரித்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மாடியில் துணி காயப்போட ஏற வேண்டாம் என்று சொன்னால், கேட்பது மாதிரி தலையாட்டிவிட்டு நான் வேலைக்குக் கிளம்பியதும் ஏறிவிடுகிறாள். உன் மாமாவுக்குப் பிரமோஷன் வரும் என்றார்கள், வரவில்லை. அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை, தொலைக்காட்சியின் சத்தத்தை மட்டும் கூட்டி வைக்கிறார். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. நீ போகும்போது ‘வந்து மாத்தித் தரேன்’ என்று சொன்ன அதே குழாய்தான்.

நீ அனுப்பிய புகைப்படத்தை அம்மா சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். அதில் உங்கள் பனிச்சறுக்குப் பள்ளியின் பயிற்றுநர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சிவப்பு ஜாக்கெட், ஒரே மாதிரி ஹெல்மெட், பாதி முகத்தை மறைக்கும் கண்ணாடி. அம்மா தினமும் உனக்குப் பக்கத்தில் நிற்பவனைத் தொட்டுக் காட்டி, ‘பிள்ளை ரொம்ப இளைச்சுட்டான்’ என்று வருத்தப்படுகிறாள். அது நீ இல்லை என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. அந்த வெள்ளைக்காரப் பையனும் கொஞ்சம் ஒல்லியாகத்தான் இருக்கிறான், அவனுக்காகவும் ஒருத்தி வருத்தப்படட்டும்.

உன் கடிதம் வந்த அன்று காலையில் எனக்கு வரிசையாக வகுப்பு. டிரைவிங் ஸ்கூல் வண்டியில், ஒரு ஆளை இறக்கிவிட்டு அடுத்த ஆள் வருவதற்குள் பிரித்துப் படித்தேன். படித்து முடித்த பிறகு வந்து ஏறிய பெண், ‘மேடம், உடம்பு சரியில்லையா’ என்று கேட்டாள். வண்டியை எடு என்று சொன்னேன். அவள் ஓட்டிக்கொண்டே இருந்தாள், எந்தத் தெருவில் போனோம் என்று எனக்கு இப்போதும் நினைவில்லை. கற்றுக்கொடுக்கிறவளுக்கென்று என் காலுக்கடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் காலை வைத்தபடியே இருந்தேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்தது.

அம்மாவிடம் உன் கடிதத்தைக் காட்டவில்லை. மாத முடிவில் நீ வரலாம் என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான், உன் தலையணை வெயிலுக்குப் போனது, அலமாரியில் இருந்த என் தையல் துணிகள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போயின. உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும், எனக்கும் சந்தோஷம்தான். நீ போனதே எனக்குப் பிடிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். ஷாப்பிங் மாலில் அந்தப் பனி அரங்கத்தில் பூட்ஸ் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு நீ சேர்ந்தபோது, ஏசியில் நிற்கிற வேலை என்று நினைத்து விட்டுவிட்டேன். அங்கே வந்த வெளிநாட்டுப் பயிற்றுநர் உனக்கு ஸ்கீ ஓட்டக் கற்றுக்கொடுத்து, நீ மலைக்கே வரலாம் என்று சொல்வார் என்று யார் கண்டார்கள்? ‘சறுக்கறதுக்கு ஒரு வாத்தியாரா? சும்மா விட்டாலே சறுக்குவாங்களே’ என்று மாமா கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்துவிட்டு அடுக்களைக்குள் போய் அழுதேன். அதனால் நீ வருகிறாய் என்று படித்ததும், எதற்காக வருகிறாய் என்பதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, ஒரு சாயங்காலம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். என்ன அக்கா இவள் என்று நினைத்துக்கொள். அப்படித்தான் இருந்தேன்.

மறுநாள் திரும்பவும் படித்தேன். அப்போதுதான் சரியாகப் படித்தேன் என்று நினைக்கிறேன்.

நீ எழுதியதை அப்படியே எனக்குள் ஓட்டிப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகளுக்கான சரிவு. உன் வகுப்பில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட பெண் குழந்தை, ஏழு வயது. மற்றப் பிள்ளைகள் கால் முனைகளைச் சேர்த்து, குதிகாலை அகட்டி, மெல்ல இறங்குகிறார்கள். இவளுடைய ஸ்கீ பலகை இரண்டும் நேராகி, வேகம் பிடித்து, ஆட்களை மேலே ஏற்றிப் போகும் கம்பிவடத்தின் தூணைப் பார்த்துப் போகிறது. நிற்கத் தெரியாத பிள்ளை பக்கவாட்டில் உட்கார்ந்துவிட வேண்டும், அதுதான் நீங்கள் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது. அந்த ஊர் மொழியில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது. நீ வந்த முதல் வாரமே கற்றுக்கொண்ட சொல். ஒவ்வொரு வகுப்பிலும் நூறு தடவை சொல்லிச் சொல்லிப் பழகிய சொல். அன்றைக்கு அது வரவில்லை. நீ தமிழில் கத்தினாய்.

‘உட்காரு! உட்காரு!’

அவளுக்குப் புரியவில்லை. ஆனால் உன் குரல் என்று தெரிந்தது. நீ என்ன சொல்கிறாய் என்று கேட்பதற்காக உன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். திரும்பிப் பார்த்தபடியே தூணில் போய் மோதினாள்.

இந்த இடத்தில் உன் எழுத்து கோணிப் போயிருக்கிறது. நானும் இந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

தூணைச் சுற்றி மெத்தை கட்டியிருந்ததால் தலைக்கு ஒன்றும் இல்லை, கால் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது, கூடும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். கடவுள் புண்ணியம். இதில் யார் மேலும் குற்றமில்லை, வகுப்புக்குத் திரும்பு என்று உங்கள் தலைமைப் பயிற்றுநர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறாய். நீ திரும்பவில்லை. சான்றிதழ்ப் பரீட்சையையும் எழுதப் போவதில்லை, பெட்டி கட்டிவிட்டேன் என்கிறாய்.

தம்பி, அது என் சொல்.

உனக்கும் இது தோன்றியிருக்கும், எனக்கு வலிக்கும் என்றுதான் எழுதாமல் விட்டிருக்கிறாய். சின்ன வயதில், பிரேக் கட்டை தேய்ந்து போன பழைய சக்கர ஷூவைப் போட்டுக்கொண்டு, குடோன் பக்கத்துச் சரிவு ரோட்டில் நீ இறங்குவாய். பின்னாலேயே நான் ஓடி வருவேன். நில்லு என்றால் உனக்கு நிற்கத் தெரியாது. அதனால் ‘உட்காரு’ என்று கத்துவேன். நீயும் பொத்தென்று உட்கார்ந்து, தார் ரோட்டில் தேய்த்துக்கொண்டே போய் நிற்பாய். கால்சட்டையின் பின்பக்கம் ஒட்டுமேல் ஒட்டாகப் போட்டுத் தைத்துக் கொடுத்தேன். உன் வகுப்புப் பசங்கள் உன்னை ‘ஒட்டு’ என்றே கூப்பிட்டார்கள். ஆபத்து என்றால் உனக்கு வாயில் வருவது அந்தச் சொல்தான். அதை உன் வாயில் வைத்தவள் நான். உன்னை எத்தனையோ தடவை காப்பாற்றிய சொல், அந்தக் குழந்தையிடம் போனபோது வெறும் சத்தமாகப் போய்விட்டது. இதைப் படித்த நாளிலிருந்து வண்டியில் நான் வாயைத் திறக்கவே யோசிக்கிறேன்.

யோசித்துப் பேசினாலும் நடப்பது நடக்கிறது. போன வாரம் ஒரு பெரியவர், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், கற்றுக்கொள்ள வந்தார். முதல் கியர் போட்டுவிட்டு, கிளட்சை அழுத்திய காலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். ‘விடுங்க, மெதுவா விடுங்க’ என்றேன். மனிதர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கூடவே காலையும் எடுத்தார். வண்டி ஒரு பூக்கடையைப் பார்த்துக் குதித்தது. நான் என் பிரேக்கை மிதித்தேன். பூக்காரம்மா எங்கள் இருவரையும் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டாள். அவ்வளவோடு போயிற்று.

வீட்டுக்கு வந்து இதை மாமாவிடம் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தேன், பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெரியவரும் நானும் ஒரே மொழி பேசுகிறவர்கள். ஒரே வண்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். அப்படியும் ஒரு சொல் தப்பாகப் போய்ச் சேர்ந்தது. எனக்குக் காலுக்கடியில் பிரேக் இருந்தது. உனக்கு அது இல்லை. இருந்தது குரல் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு அடுத்தவர் பிள்ளையை நிறுத்த வேண்டிய வேலைக்கு நீ போயிருக்கிறாய் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. இத்தனை நாளாக நீ ஜாலியாகச் சறுக்கிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்திருந்தேன்.

உன் மேல் தப்பில்லை என்று எழுத மாட்டேன். அதைத் தலைமைப் பயிற்றுநர் சொல்லிவிட்டார், அவர் சொல்லியும் உனக்கு ஆறவில்லை. தப்பு உன்னுடையதுதான் என்றும் எழுத மாட்டேன். நான் அந்தச் சரிவில் இல்லை. இருந்திருந்தால் நானும் அதையேதான் கத்தியிருப்பேன்.

ஆனால் உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறாய். அந்தக் குழந்தையின் அப்பா உன் அறைக் கதவை வந்து தட்டினார், நீ உள்ளே இருந்துகொண்டே திறக்கவில்லை என்பது ஒன்று. அவர் கதவுக்கு வெளியே நின்றபடி சொல்லிவிட்டுப் போனது இன்னொன்று. ஆஸ்பத்திரியில் குழந்தை எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே இருக்கிறதாம், வாத்தியார் அன்றைக்கு என்ன சொன்னார் என்று. நீ இதை, ‘பாரு அக்கா, அந்தப் பிள்ளையே என்னைக் குற்றம் சொல்லுது’ என்று எழுதியிருக்கிறாய்.

இல்லை தம்பி. நான் தினமும் பத்துப் பேருக்குக் கற்றுக்கொடுக்கிறவள், எனக்கு இது தெரியும். குற்றம் சொல்கிறவர்கள் என்ன சொன்னாய் என்று கேட்க மாட்டார்கள். எதற்குச் சொன்னாய் என்று கேட்பார்கள், ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். நீ என்ன சொன்னாய் என்று கேட்டுத்தான் அவள் திரும்பினாள். இன்னும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் அந்த மலையில் நீ ஒருவன்தான். நீ விமானம் ஏறிவிட்டால் அவளுக்குச் சொல்வதற்கு அங்கே யாரும் இல்லை. அவள் வளர்ந்து பெரியவளாகி, கால் சரியாகி, எல்லாம் மறந்த பிறகும் அந்தச் சத்தம் என்னவென்று தெரியாமலே இருப்பாள். நீ இங்கே உன் கட்டிலில் படுத்துக்கொண்டு, அவளுக்கு அது தெரியாது என்பதை நினைத்துக்கொண்டே இருப்பாய். அம்மா உனக்குப் பார்த்துப் பார்த்துப் பரிமாறுவாள், உனக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு தம்பி இந்த வீட்டுக்குள் நடமாடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அதனால் ஆஸ்பத்திரிக்குப் போ. பழம் கிழம் என்று எதையாவது வாங்கிக்கொண்டு போ, கையை வீசிக்கொண்டு போகாதே. அவளுடைய அப்பா திட்டினால் கேட்டுக்கொள், அவருக்கு அந்த உரிமை உண்டு. திட்டாவிட்டால் அது இன்னும் கஷ்டமாக இருக்கும், அதையும் தாங்கிக்கொள். அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நான் சொன்னது எங்கள் வீட்டுச் சொல், அதற்கு அர்த்தம் இதுதான், பயத்தில் எனக்கு உங்கள் சொல் மறந்துபோனது என்று அவள் மொழியிலேயே சொல். பெரிய ஆட்களுக்கும் பயம் வரும் என்பதைக் குழந்தைகள் தாங்கிக்கொள்வார்கள். கதவைத் திறக்காத ஆளைத்தான் அவர்களால் தாங்க முடியாது.

அதற்குப் பிறகு நீ பரீட்சை எழுது, எழுதாமல் இரு. அந்த மலையிலேயே இரு, இல்லை மூட்டையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து குழாயைச் சரிபண்ணு. நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், மாமாவையும் கேட்க விட மாட்டேன். நீ அங்கேயே இருந்துவிட்டால் எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்பதை இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு இஷ்டமில்லை. உனக்கே தெரியும்.

அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். குளிரில் காதை மூடிக்கொள்ளச் சொன்னாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது, நீயே ஒரு நாள் சொல்லிக்கொள்.

நீ நடை பழகிய நாளிலிருந்து உன்னை ‘ஓடி வா, ஓடி வா’ என்று கை நீட்டிக் கூப்பிட்டவள் நான். இப்போதும் கை அப்படித்தான் நீள்கிறது. வா, ராசா. எப்போது வேண்டுமானாலும் வா. ஓடி மட்டும் வராதே.

உன்
அக்கா