புல்லாங்குழலின் மேல் உன் குரல்

அக்கா,

இன்று அலமாரியை ஒதுக்கும்போது ஒரு கேசட் உறை கிடைத்தது. உறை மட்டும்தான். உள்ளே இருந்ததைத் தூக்கிப் போட்டவன் நான். உறையின் ஓரத்தில் பச்சை மையில், மலையாள எழுத்தில், 'மாய்க்கருது' என்று எழுதியிருக்கிறாய். அழிக்கக் கூடாது. நெய்யாற்றின்கரைப் பள்ளிக்கூடத்தில் மலையாளத்தில் படித்தவள் நீ. திட்டுவது தமிழில், எழுதுவது மலையாளத்தில்.

நீ போய் ஒன்றரை மாதம் ஆகிறது. மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் நீ இல்லை. நான் இன்னும் அழவில்லை. வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், பைக்கை சர்வீசுக்கு விட்டேன். "பய தைரியசாலியாக்கும்" என்று நம் ஊர் கொல்லயிலில் சொல்கிறார்களாம். தைரியமெல்லாம் இல்லை. வயர் எங்கோ அறுந்து கிடக்கிறது, உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

அலமாரியை நான் சும்மா திறக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா கேட்டாள். "மக்கா, அவ பாடினது ஏதாவது உனக்க கையில உண்டா?"

என் போனில் உன் வாய்ஸ் மெசேஜ்கள் இருக்கின்றன. பால் வாங்கு. குடையை மறக்காதே. கடைசி பஸ்ஸை விட்டுட்டேன், பனச்சமூட்டுக்கு வண்டி எடுத்துட்டு வா. பாட்டு ஒன்றிலும் இல்லை. நீ படத்தோடு சேர்ந்துதான் பாடுவாய். தனியாகப் பாடச் சொன்னால் "நான் என்ன ரேடியோவாலே?" என்பாய்.

அந்தப் பழைய படங்கள் எனக்குப் பிடிக்காது, உனக்குத் தெரியும். தமிழோ மலையாளமோ, எல்லாவற்றிலும் ஒரு பெரிய குடும்பம். பிறந்தநாளுக்கு எல்லாரும் வரிசையாக நின்று ஒரு பாட்டுப் பாடுவார்கள். பிறகு வெள்ளத்திலோ திருவிழாவிலோ பிள்ளைகள் தொலைந்துபோவார்கள். இருபது வருஷம் கழித்து அதே பாட்டைப் பாடி ஒருவரை ஒருவர் கண்டுபிடிப்பார்கள். "ஒரு அடையாள அட்டை இருந்தா படம் பத்து நிமிசத்துல முடிஞ்சிருக்கும்" என்று நான் சொன்னபோது, தலையணையால் அடித்தாய்.

"நீ தொலஞ்சு போனா என்னலே செய்வ? பாடத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"அப்ப விசிலடி. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

நம் வீட்டில் யாரும் முழுப் படம் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவிக்கு முன்னால் காவலுக்கு நீ உட்காருவாய். அம்மா அடுக்களையில் மீனோடு நிற்பாள். பாட்டு வரப்போவது உனக்கு முன்னாலேயே தெரியும். கதாநாயகி ஜன்னல் பக்கம் நடந்தால் போதும், "அம்மா, பாட்டு வருது, ஓடி வா" என்று ஒரு கத்து. அம்மா "வாறேன் பிள்ளே" என்று பதில் சொல்லி, அடுப்பைத் தணித்து, ஈரக் கையோடு வந்து உட்காருவாள். பாட்டு முடிந்ததும் எழுந்து போய்விடுவாள். கதை யாருக்கு வேண்டும்?

அந்தப் பாட்டுகளைத்தான் டேப் ரெக்கார்டரை டிவிக்கு முன்னால் ஸ்டூலில் வைத்து நீ பதிவு செய்தாய். வீட்டில் எல்லாரும் வாயை மூட வேண்டும் என்பது உன் உத்தரவு. அதை மீறிய ஒரே ஆள் நீதான். பல்லவி வந்தால் உன்னால் பாடாமல் இருக்க முடியாது.

நாலு வருஷம் முன்னால் ஒலிப்பதிவு ஸ்டுடியோ வேலைக்குச் சேர்ந்த புதிதில், உன் பிறந்தநாளுக்கு அந்தக் கேசட்டைச் சுத்தம் செய்து தருகிறேன் என்றேன். மூன்று நாள் உட்கார்ந்தேன். குக்கர் விசிலை எடுத்தேன். பாறசாலை ரயில் சத்தத்தை எடுத்தேன். உன்னை எடுத்தேன். ஒரு பாட்டில் பல்லவி மூன்று முறை வரும் அல்லவா, நீ பாடிய இடத்தை வெட்டிவிட்டு, நீ மூச்சு வாங்கிக்கொண்டு சும்மா இருந்த இடத்தை நகலெடுத்து ஒட்டினேன். ஒட்டு தெரியாது. அந்த வேலையில் எனக்குப் பெருமை வேறு. கேசட்டையும் பழைய கோப்புகளையும் அன்றைக்கே ஒழித்தேன். இனி எதற்கு அந்தக் குப்பை?

ஒரே ஒரு இடத்தில் தோற்றேன். ஒரு பாட்டு, வசனம் முடியும் முன்பே திடீரென்று புல்லாங்குழலில் தொடங்கும். நீ ஏமாந்த ஒரே பாட்டு அதுதான். புல்லாங்குழல் ஆரம்பித்த பிறகுதான் கத்தினாய். அந்தப் புல்லாங்குழல் ஒரு தடவைதான் வருகிறது. வெட்டினால் ஒட்ட வேறு துண்டு இல்லை. "அங்க மட்டும் கொஞ்சம் அழுக்கு இருக்கும், சாரி" என்று சொல்லித்தான் பென் டிரைவை உன்னிடம் கொடுத்தேன்.

நீ முழுவதும் கேட்டாய். "நல்ல தெளிவா இருக்கு மக்கா" என்றாய். பிறகு ஒரு நாளும் அதைப் போட்டுக் கேட்டதில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. நீயும் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. இன்றைக்கு உறையைப் பார்த்ததும் தெரிந்தது.

அம்மாவிடம் என்ன சொல்வது? அவ பாடினதை நான்தான் அழிச்சேன் என்றா? வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டுதான் உன் பென் டிரைவை லேப்டாப்பில் செருகினேன். முதலில் அந்த அழுக்கான இடத்தை வைத்தேன். புல்லாங்குழல். அதன் மேல் நீ.

"அம்மா, பாட்டு வந்துட்டு, ஓடி வா! எலே, நீயும் வாலே!"

அடுக்களையிலிருந்து பதில் வந்தது. "வாறேன் பிள்ளே."

அம்மா ஈரக் கையோடு வந்து வாசல்படியில் நின்றாள். அணைந்து கிடந்த டிவியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தயார் செய்த வாக்கியத்தைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இன்னொருக்கா வை" என்றாள்.

வைத்தேன். மறுபடியும் வைத்தேன். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை.

நீ பாடிய பாட்டு என்னிடம் இல்லை, அக்கா. நீ கூப்பிட்ட நாலு செகண்ட் இருக்கிறது. அதற்குப் பின்னால், சத்தத்தைக் கூட்டினால் மட்டும் கேட்கும் ஒரு கீச்சுக் குரலும் இருக்கிறது. முற்றத்திலிருந்து, "வரமாட்டேன் போ." அது நான். அப்போது ஆறு வயது.

அதை மட்டும் எடுத்துவிடலாம். இப்போதிருக்கும் சாஃப்ட்வேரில் ஐந்து நிமிட வேலை. கர்சரை அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

எடுக்கவில்லை. மாய்க்கருது என்று எழுதியிருக்கிறாய்.